பனிவாரிக்கு வந்த பதில்கள்

தோகாமாச்சி
ஏப்ரல் 20

அக்காவுக்கு,

கூரைமேல் இருந்த பனி போன வாரம்தான் கடைசியாகச் சரிந்து விழுந்தது. வீட்டுக்குப் பின்னால் மட்டும் இன்னும் ஓர் ஆள் உயரத்துக்கு அழுக்காகக் குவிந்து கிடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலாம். சாப்பாட்டுப் பெட்டிக் கடைக்கு மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். டோக்கியோவில் செர்ரி பூத்து உதிர்ந்தே போயிருக்கும். உனக்கு அந்த இருமல் விட்டதா?

கைக்குள் போன் இருக்க, இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போன் பண்ணினால் நீ "வேலைல இருக்கேன்டா, அப்புறம் பேசறேன்" என்பாய். அந்த அப்புறம் இன்றுவரை வந்ததில்லை. கடிதம் என்றால் ரயிலில் உட்கார்ந்தாவது படித்துத் தொலைப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். இது என் கடைசி வருஷம். படித்துக்கொண்டிருக்கும்போதே வேலையைப் பிடித்தால் உண்டு. வேலை இல்லாமல் மார்ச்சில் பட்டம் வாங்கி வெளியே வந்தவனை எந்தக் கம்பெனியும் ஏறெடுத்துப் பார்க்காது. அது உன்னைவிட யாருக்குத் தெரியும்? எங்கள் கல்லூரியில் இருப்பவர்களுக்கு டோக்கியோவில் டிசைன் தொழில் செய்கிற ஒருவரையும் தெரியாது. அதனால் உன் கம்பெனியின் ஆப்பில் நானே சேர்ந்துவிட்டேன். மாணவன் தான் செய்த டிசைனை அதில் ஏற்றினால், தொழிலில் பெயர் எடுத்தவர் பார்த்துக் கருத்து எழுதுவார் என்று நீங்கள்தானே ஊர் பூராவும் விளம்பரம் போடுகிறீர்கள்.

நான் தேர்ந்தெடுத்தது குஜிராய் ஐயாவை. அவர் செய்த ரயில் நிலைய இருக்கையில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் இந்தப் படிப்பு படிப்பதென்று முடிவு செய்தேன். ஏற்றியிருப்பது ஒரு பனிவாரி. பனியை வாரித் தள்ளுவதற்கு நம் வீட்டில் இருக்கிற அதே சாமான்தான், ஆனால் இரண்டு பிடி. முதுகு வளையாமல், முழங்கால் மடங்காமல் தள்ளலாம். அம்மா ஜனவரியில் வாசலில் படுகிற பாட்டைப் பார்த்துச் செய்தது. மூன்று மாதிரி உடைந்தது, நாலாவது நின்றது.

ஒன்று மட்டும். அங்கே எனக்காகச் சிபாரிசு கிபாரிசு எதுவும் பண்ணிவிடாதே. என் பெயர் வந்தால் யாரோ என்று இரு. அது போதும்.

அம்மா மலைக்கீரையைக் காயவைத்து அனுப்பியிருக்கிறாள். ஊறவைத்துத் தின்னு, அப்படியே அலமாரியில் வைத்து மறந்துவிடாதே.

தம்பி,
தகேரு


டோக்கியோ
மே 9

தகேரு,

கீரை வந்தது. ஊறவைத்தேன், தின்றேன், அம்மாவிடம் சொல். இருமல் பகலில் இல்லை. மே மாத விடுமுறைக்கு வரமுடியவில்லை, அதற்கு அம்மா கோபமாக இருக்கிறாளா என்று நீ எழுதவே இல்லை. கோபம்தான் போலிருக்கிறது.

என் வேலை இன்னும் ஒப்பந்த வேலைதான். வருஷா வருஷம் அக்டோபரில் புதுப்பிப்பார்கள். மாணவர்கள் ஏற்றுவது உரியவருக்குப் போய்ச் சேர்ந்ததா, பதில் திரும்பிப் போனதா என்று பார்க்கிற பிரிவு. சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

உன் பனிவாரியைப் பார்த்தேன். பட்டியலில் தம்பி பெயர் வந்தால் கண் போகாமல் இருக்குமா? அழகாக வரைந்திருக்கிறாய். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். இந்தப் பெரிய ஆட்களுக்கு மூச்சு விட நேரம் கிடையாது. பதில் வந்தால் படி. உதவுவதை எடுத்துக்கொள். அதன்மேல் வீடு கட்டிக் குடியேறிவிடாதே. நம் ஊர் தமாகி ஐயாவின் பிளாஸ்டிக் கம்பெனியில் வாளியும் பனிவாரியும்தானே செய்கிறார்கள். அங்கேயும் எழுதிப் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சிஹோ


தோகாமாச்சி
மே 28

அக்கா,

நலம், நலம், எல்லோரும் நலம். வயலில் தண்ணீர் கட்டி நாற்று நட்டாயிற்று, தவளை கத்துகிறது, போதுமா? இனி விஷயம்.

குஜிராய் ஐயா பதில் எழுதிவிட்டார்!

நான் எட்டுத் தடவை படித்தேன். அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். உனக்காக அப்படியே எழுதுகிறேன்:

"இதைச் செய்தவர் பனியைத் தள்ளிப் பழகியவர் என்பது முதல் பார்வையிலேயே தெரிகிறது. காலைப் பனி வேறு, மதியப் பனி வேறு. மதியத்துக்குமேல் ஈரம் ஏறிக் கனக்கும்போது உங்கள் இரண்டாவது பிடிதான் கையைக் காப்பாற்றப் போகிறது. ஆனால் ஈரப்பனி தகட்டில் ஒட்டிக்கொண்டு விழாதே, ஒவ்வொரு தடவையும் தட்டிவிட வேண்டுமே, அதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? யோசியுங்கள். ஒரு நாள் டோக்கியோவில் உங்களோடு உட்கார்ந்து பேசுவதை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்."

டோக்கியோவில் பிறந்து வளர்ந்தவர் அக்கா அவர். அங்கே வருஷத்துக்கு இரண்டு நாள் நாலு துகள் விழுந்தால் ரயிலை நிறுத்திவிடுகிறார்கள். அவருக்கு மதியப் பனி எப்படித் தெரிந்தது? பெரிய ஆள் என்றால் இதுதான் போலும். அம்மா கேட்டுவிட்டு, "பாவம், அந்த மனுசன் எங்கியோ நம்ம மாதிரி கஷ்டப்பட்டிருக்கான்டா" என்றாள்.

கடைசி வரியைப் பார்த்தாயா? டோக்கியோவில் உட்கார்ந்து பேசவேண்டுமாம்.

தகட்டின் அடியில் மெல்லிய வரிப்பள்ளம் போட்டுப் பார்க்கிறேன். சீக்கிரம் பதில் எழுது.

தகேரு


டோக்கியோ
ஜூலை 1

தகேரு,

ஒரு மாதம் பதில் எழுதாமல் இருந்ததற்குத் திட்டு. வாங்கிக்கொள்கிறேன். மழைக்காலம், அறை முழுக்கப் பூஞ்சைக் காளான். சாப்பாடு இறங்குகிறது, தூக்கம்தான் சரியில்லை.

பதில் உனக்கு உதவியாக இருந்தது என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். இது மனசறிந்து சொல்வது.

ஆனால் அந்தக் கடைசி வரியைப் பற்றி எழுதவேண்டும். அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளாதே. எல்லோருக்கும் அப்படித்தான் போகிறது. மரியாதைக்கு எழுதுவது. நாம் அடுத்த தெருக்காரரைப் பார்த்து "வீட்டுக்கு வாங்களேன்" என்கிறோமே, அந்த மாதிரி. வந்துவிட்டால் உட்காரவைக்க ஒரு மெத்தை கூட இருக்காது.

தமாகி ஐயாவுக்கு எழுதினாயா?

சிஹோ


தோகாமாச்சி
ஜூலை 10

அக்கா,

வெயில் மண்டையைப் பிளக்கிறது. அம்மாவும் நானும் நலம். நீ தூக்கம் இல்லை என்று எழுதியதை அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் மூலிகைக் கஷாயம் ஒரு பானை உன் வாசலுக்கு வந்து நிற்கும்.

தமாகி ஐயாவிடம் எழுதிப் போடவில்லை, நேரிலேயே போனேன். உன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு. பனிவாரியைக் கையில் வாங்கியவர் அந்த வெயிலில் முற்றத்துச் சரளைக்கல்லை வாரித் தள்ளிப் பார்த்தார். மனுஷன் அரை மணி நேரம் விடவில்லை. சட்டை நனைந்து போய் நின்றுகொண்டு சொன்னார்:

"இந்தா பாரு தம்பி. உனக்கு வேலை தரேன். வர்ற ஏப்ரல்ல சேந்துக்க. இந்த வாரிய அச்சுல போட்டு அடுத்த பனிக்குக் கடைக்கு அனுப்பிடுவேன். உம் பேரெல்லாம் ஒட்ட மாட்டேன், கம்பெனி பேருதான். ஆனா இந்த மலைச் சீமை பூரா உன் வாரியப் புடிச்சுதான் வாசலைத் தொறக்கும். செப்டம்பர் முடியறதுக்குள்ள சரின்னு சொல்லிரு. அக்டோபர் ஒண்ணு புதுப் பசங்களக் கூப்புட்டுக் காகிதம் குடுக்கற நாளு. அதுக்கப்புறம் நானே நெனச்சாலும் ஆகாது."

நல்ல மனுஷன்தான். ஆனால் பெயர் இல்லை. வாளி செய்கிற கம்பெனியில் வாளி செய்துகொண்டே நாற்பது வருஷம் போய்விடும்.

இதற்கிடையில் குஜிராய் ஐயாவின் இரண்டாவது பதிலும் வந்துவிட்டது. வரிப்பள்ளத்தை நேராகப் போடாமல் வெளிப்பக்கம் விரிந்தாற்போல் போடச் சொல்கிறார். போட்டுப் பார்த்தேன். மாவு கரைத்து ஊற்றிச் சோதித்தேன். வழுக்கிக்கொண்டு விழுகிறது! அதிலும் கடைசியில் அதே அழைப்பு. மரியாதைக்கு ஒரு தடவை கூப்பிடுவார்கள், இரண்டு தடவையா கூப்பிடுவார்கள்?

நீயும் டிசைன்தான் படித்தாய். உன்னை அப்போது ஒருவரும் கூப்பிடவில்லை. அதனால் யார் கூப்பிட்டாலும் உனக்குச் சந்தேகம். தப்பாக நினைக்காதே, தோன்றியதைச் சொன்னேன்.

தகேரு


டோக்கியோ
ஆகஸ்ட் 21

தகேரு,

அப்பாவுக்கு விளக்கேற்றும் நாளுக்கும் நான் வரவில்லை. அம்மா கல்லறையைக் கழுவினாளா, முழங்காலோடு மேடேறினாளா? நீ தூக்கிக்கொண்டு போயிருப்பாய் என்று நம்புகிறேன். ஊதுவத்தி அனுப்பியிருந்தேன், சேர்ந்ததா?

நீ எழுதியதை நான் தப்பாக நினைக்கவில்லை. நிஜம்தான். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. அதனால்தான் சொல்கிறேன், உன்னை ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். அவர் பெயர் தமாகி. வெயிலில் சரளைக்கல்லைத் தள்ளிப் பார்த்தாராமே! அதைவிட ஒரு டிசைன்காரனுக்கு என்ன மரியாதை வேண்டும்?

குஜிராய் ஐயாவின் அலுவலகத்தில் மூன்று வருஷமாகப் புதிதாக யாரையும் எடுக்கவில்லை. விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சரி என்று சொல்லிவிடு. இந்த வாரமே போய்ச் சொல். உன் அக்கா இதுவரை உன்னிடம் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

இன்னும் எழுதவேண்டும். எழுத வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

சிஹோ


தோகாமாச்சி
செப்டம்பர் 11

அக்கா,

ஊதுவத்தி சேர்ந்தது. அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டுதான் மேடேறினேன். "உங்கப்பா கூட என்னை இப்படித் தூக்கினதில்ல" என்று வெட்கப்பட்டாள்.

இப்போது உட்கார்ந்துகொள். நான் போன வியாழக்கிழமை டோக்கியோ வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நிலையத்திலேயே மறித்திருப்பாய்.

செப்டம்பர் வெயிலில் பனிவாரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரயிலேறினேன். ஒரு குழந்தை அதன் அம்மாவிடம், "இந்த அண்ணா எங்க பனி அள்ளப் போறாரு?" என்று கேட்டது. பெட்டி முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தது. நான் எதற்கும் அசரவில்லை.

குஜிராய் ஐயாவின் அலுவலகத்தில் வாசலில் இருந்த பெண், "முன்கூட்டியே சொல்லியிருக்கீங்களா?" என்றாள். "அவரே வரச் சொல்லியிருக்கார், ரெண்டு தடவை" என்றேன். உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவரே வந்தார் அக்கா! நான் இடுப்பு வரை வளைந்து வணங்கி, பதில்களுக்கு நன்றி சொன்னேன். தோகாமாச்சி தகேரு என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த வாரியைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, "ஓ, பனி! பனிவாரி! ஞாபகம் இருக்கு, ஞாபகம் இருக்கு. அவ்வளவு தூரத்துல இருந்தா வந்தீங்க?" என்றார்.

குளிர்ந்த பார்லித் தேநீர் கொடுத்தார்கள். வாரியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப சுவாரசியமா இருக்கு. விடாம செய்யுங்க. நாம தொடர்புல இருப்போம், யோசிச்சுப் பார்க்கறேன்" என்றார். இரண்டு கையாலும் தன் பெயர் அட்டையைக் கொடுத்தார். லிஃப்ட் வரைக்கும் வந்து, கதவு மூடும்வரை தலை வணங்கி நின்றார். குஜிராய் ஐயா, எனக்கு!

மறுநாளே இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு தமாகி ஐயாவிடம் போய், மன்னிக்கவேண்டும், வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் இனிப்பைத் தொடவில்லை. "யோசிச்சுப் பார்க்கறேன்னு ஒருத்தன் சொன்னா வேண்டாம்னு அர்த்தம்டா மடையா. இது கூடத் தெரியாமலா இருபத்திரெண்டு வயசு ஆச்சு உனக்கு?" என்றார். பரவாயில்லை. அவருக்கு டோக்கியோ தெரியாது.

உன்னிடம் கோபம் இல்லை. நீ பயந்தாய், அவ்வளவுதான்.

தகேரு


டோக்கியோ
செப்டம்பர் 13
விரைவு அஞ்சல்

தகேரு,

நலம் விசாரிக்க எனக்கு வாயில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

அந்த இரண்டு பதிலையும் எழுதியது நான்.

எங்கள் இடத்தில் நடப்பது இதுதான். பெரிய ஆட்கள் பெயரைத் தருகிறார்கள், அதற்குமேல் யாருக்கும் நேரம் இல்லை. வரிசையில் முறை வந்துவிட்டால் மூன்று நாளில் மாணவனுக்குப் பதில் போகவேண்டும் என்பது விதி. அதனால் நாங்கள் முதல் வரைவு எழுதி அவர்களுக்கு அனுப்புவோம். இரண்டு நாளுக்குள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு அவர்கள் பெயரிலேயே போய்விடும். எங்கள் மேலாளர் ஹிரோனோ, "வாயைத் திறக்கலைன்னா சரின்னுதானே அர்த்தம்? இதுல யாருக்கு நஷ்டம்?" என்பார். குஜிராய் ஐயா ஒரு வரைவைக் கூடத் திறந்து பார்த்ததில்லை. எனக்குத் தெரியும், திறந்தால் திரையில் தெரியும். அந்தக் கடைசி அழைப்பு நான் எழுதியது கூட இல்லை. எல்லாப் பதிலுக்கும் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும்.

உன் பனிவாரி என் வரிசையில் வந்து விழுந்தது. வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டிருக்கவேண்டும். தள்ளமுடியவில்லை. அடுத்த மேசைக்காரி "நேர்த்தியான வடிவம், நிறத்தைப் பரிசீலிக்கவும்" என்று இரண்டு வரி எழுதி மூடியிருப்பாள். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் நம் வாசல் தெரிந்தது, மதியப் பனி தெரிந்தது, அம்மா தெரிந்தாள். அழுதுகொண்டேதான் தட்டச்சு செய்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷத்தில் மனசோடு எழுதியது அந்த இரண்டு பதில்தான்.

நீ அதை எட்டுத் தடவை படித்தேன் என்று எழுதினாய். அதற்குப்பிறகு என்னால் சொல்லமுடியவில்லை. ஒப்பந்தம் போய்விடும் என்ற பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரிய பயம் வேறு. சொன்னால், உன் வேலையை இதுவரை ஒருவர் கூடப் பார்க்கவில்லை என்று உனக்குத் தெரிந்துபோகும்.

இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. தமாகி ஐயாவிடம் ஓடு. தரையில் நெற்றி பதியக் கும்பிட்டுக் கேள். நானும் வந்து உன் பக்கத்தில் விழுகிறேன்.

மன்னித்துவிடு என்று கேட்கமாட்டேன். ஓடு.

சிஹோ


தோகாமாச்சி
செப்டம்பர் 29

அக்காவுக்கு,

இங்கே நெல் அறுப்பு முடிந்துவிட்டது. அம்மா நலம்.

உன் கடிதத்தைப் படித்தேன். பிறகு நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்து ஞாபகம் இருக்கிறது என்றார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. பார்க்காத ஒன்றை ஞாபகம் இருக்கிறது என்று சொல்ல அவருக்கு என்ன அவசியம்? நான் யார்? அவர் பயப்படவேண்டிய ஆளா?

ஆனால் உனக்கு அவசியம் இருக்கிறது. நான் தமாகி ஐயாவிடம் போகவேண்டும், அம்மாவோடு இருக்கவேண்டும், நீ நிம்மதியாக டோக்கியோவில் இருக்கவேண்டும். அதற்கு ஒரு கதை வேண்டும். பதில்களில் இருந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கமாட்டேன். நான்தானே உனக்கு எழுதினேன்! மதியப் பனியைப் பற்றி அவர் எழுதியதை நீ எழுதியதாகச் சொல்கிறாயே, உனக்குக் கூச்சமாக இல்லையா?

நீ தோற்றுப்போனாய் என்று ஊரில் யாரும் உன்னைக் குறை சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அதற்கு இதுதானா பரிசு?

நாளை மறுநாள் அக்டோபர் ஒன்று. நான் எங்கேயும் போகப் போவதில்லை.

தகேரு


டோக்கியோ
நவம்பர் 3

தகேரு,

குளிர் ஆரம்பித்துவிட்டது. அம்மா மண்ணெண்ணெய் அடுப்பைத் துடைத்து வைத்தாளா? நீ சாப்பிடுகிறாயா?

மூன்று காரியம் செய்தேன். மூன்றையும் எழுதுகிறேன்.

நான் தமாகி ஐயாவைப் பார்க்க வந்தேன். அக்டோபர் ஏழாம் தேதி. வீட்டுக்கு வரவில்லை, உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. சிமெண்டுத் தரையில் விழுந்து கும்பிட்டேன். அவர் பதறிப்போய், "எந்திரிம்மா, எந்திரிம்மா, பொம்பளப் புள்ள இப்படி விழலாமா?" என்று தூக்கினார். பிறகு, "ஒண்ணாந் தேதி காலைல கூட ஒரு நாற்காலிய காலியா போட்டு வச்சேன். வந்துருவான்னு பாத்தேன். வரல. பத்து மணிக்கு வேற பையனக் கூப்புட்டு உக்கார வச்சுட்டேன். அந்தப் பையனை இப்ப எந்திரின்னு சொல்ல முடியுமா, நீயே சொல்லு" என்றார்.

குஜிராய் ஐயாவையும் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "அந்தப் பையன் அவ்வளவு சந்தோஷமா நின்னான். நீ யாருன்னு கேட்க எனக்கு வாய் வரலை. நீங்க கேட்டிருப்பீங்களா?" என்றார். உனக்கு ஒரு வரி எழுதித் தரச்சொல்லிக் கெஞ்சினேன். "நான் எழுதினா அவனை ரெண்டாவது தடவை அவமானப்படுத்தின மாதிரி ஆகிடும். கொஞ்ச நாள்ல தானாவே புரிஞ்சுக்குவான்" என்று சொல்லி, லிஃப்ட் வரைக்கும் வந்து வணங்கினார். கதவு மூடும்வரை.

மூன்றாவது, வேலையை விட்டுவிட்டேன். போன வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. ஹிரோனோ என்னிடம், "வெளிய எங்கயும் பேசக்கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். என் மேசையில் திங்கட்கிழமையே வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்திருப்பாள். நான் இப்போது ஒரு மருந்துக் கடையில் பொருள் அடுக்குகிறேன்.

என்னைத் திட்டியாவது எழுது.

சிஹோ


டோக்கியோ
ஜனவரி 18

தகேரு,

இது உன் பதில் வராமலே நான் எழுதும் மூன்றாவது கடிதம். புத்தாண்டுக்கு நான் வருகிறேன் என்று தெரிந்ததும் நண்பன் வீட்டுக்குப் போய்விட்டாயாம். அம்மா சொன்னாள். அவள் அழுததையும் எழுதவேண்டியதுதான், நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

மூன்றாம் தேதி இரவெல்லாம் பொழிந்து வாசல் மூடிவிட்டது. கொட்டகையில் உன் நாலாவது மாதிரி சாத்தியிருந்தது. அதை எடுத்துத்தான் தள்ளினேன். மதியத்துக்குமேலும் தள்ளினேன். வரிப்பள்ளத்தில் ஈரப்பனி ஒட்டவே இல்லை. அம்மாவும் கொஞ்ச நேரம் தள்ளிப் பார்த்தாள். "இது தள்ளற மாதிரியே இல்லடி, சும்மா கூட நடந்து வர்ற மாதிரி இருக்கு" என்றாள்.

யார் பெயரையும் ஒட்டாமல், என் பெயரிலேயே சொல்கிறேன். அது நல்ல வாரி, தகேரு. நான் பார்த்ததிலேயே நல்ல வாரி.

பட்டம் வாங்க இரண்டு மாதம்தான் இருக்கிறது. என்ன செய்யப்போகிறாய்?

சிஹோ


கவாகுச்சி
ஜூன் 16

அக்காவுக்கு,

ரொம்ப நாள் ஆகிவிட்டது. மழை ஆரம்பித்து ஒரு வாரமாக விடவில்லை. நான் நலமாக இருக்கிறேன். உனக்கு மருந்துக் கடையில் நின்றுகொண்டே வேலை என்று அம்மா சொன்னாள். கால் வீங்குகிறதா?

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். ஏப்ரலில் இங்கே வந்துவிட்டேன். ஆறு பேர் தங்கும் அறை. பக்கத்துச் சரக்குக் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்குகிறேன், நாள் கணக்கு வேலை. ரயிலேறினால் முக்கால் மணியில் குஜிராய் ஐயாவின் அலுவலகம். கூப்பிட்டால் உடனே போய் நிற்கலாம். இரண்டு தடவை நானாகவே போனேன், அவர் வெளியூர் போயிருந்தார். வாசலில் இருக்கிற பெண்ணுக்கு இப்போது என் பெயர் தெரியும்.

கல்லூரிக் கண்காட்சியில் வாரியை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதெல்லாம் பழைய கதை.

உன்னிடம் நான் பேசாமல் இருந்தது தப்புதான். இப்போது பேசலாம் என்று தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. குஜிராய் ஐயாவுக்கு ஆப்பில் மறுபடி எழுதியிருந்தேன். போன புதன்கிழமை பதில் வந்துவிட்டது. இதோ:

"தோட்ட வேலையை இவ்வளவு எளிதாக்கும் கருவியைப் பார்ப்பதில் மகிழ்ச்சி. மண்ணைக் கிளறும்போது இரண்டு பிடிகள் இடைஞ்சலாக இருக்கலாம். ஒன்றாகக் குறைப்பதைப் பரிசீலிக்கவும். தகட்டின் வரிகளில் மண் அடையும். வழவழப்பாக்கினால் கழுவ எளிது. ஒரு நாள் டோக்கியோவில் உங்களோடு உட்கார்ந்து பேசுவதை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்."

முதலில் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. தோட்டமா என்று இருந்தது. மூன்று நாள் பெட்டி அடுக்கிக்கொண்டே யோசித்தேன். அப்புறம்தான் விளங்கியது. பனி நாலு மாதம், நம் பக்கத்து ஊர்களில் மட்டும். மண் எல்லா ஊரிலும் பன்னிரண்டு மாதமும் இருக்கிறது. நான் நம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் நாடு முழுக்கப் பார்க்கிறார். இப்படி ஒரு வழி எனக்குச் சத்தியமாகத் தோன்றியிருக்காது.

நேற்று விடுமுறை. போன மாதம் ஊருக்குப் போனபோது கொட்டகையிலிருந்து எடுத்து வந்த அந்த நாலாவது மாதிரியைத் திருத்தத் தொடங்கிவிட்டேன். இரண்டாவது பிடியை அறுத்து எடுத்தாயிற்று. வரிப்பள்ளத்தை எல்லாம் பசை வைத்து அடைத்து, தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே. புதிது முடிந்ததும் காட்டிக்கொள்ளலாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபத்தில் இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்கிறேன். நீ அந்த வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. உன் மேசையில் நீ இல்லை.

அப்படியானால், இதை எழுதியது யார் அக்கா?

தம்பி,
தகேரு